ஆபிரகாம் சிலைகளை உடைத்த கதை பைபிளில் எங்கே இருக்கிறது?

கேள்வி: சபையில் ஞாயிறு பள்ளி வகுப்பு எடுக்கிறேன். ஆபிரகாம் சிறுவயதில் அப்பாவின் கடையில் இருந்த விக்கிரகங்களை உடைத்தார் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். ஆதியாகமத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் கிடைக்கவில்லை. விசாரித்தால் "அது மித்ராஷில் இருக்கிறது" என்றார்கள். இதைப் பிள்ளைகளிடம் நடந்த சம்பவமாகச் சொல்லலாமா? "யூத ரபிகள் சொல்கிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: பைபிளில் இல்லை, இனி தேட வேண்டாம். ஆதியாகமம் 11-ஆம் அதிகாரத்தின் கடைசியில் ஆபிராமின் (ஆபிரகாமின் முதல் பெயர் இதுதான்) பெயரும் குடும்ப விவரமும் வருகிறது. 12-ஆம் அதிகாரம் திறந்ததும் "புறப்பட்டுப் போ" என்று தேவன் சொல்லிவிடுகிறார், கிளம்பும்போது அவருக்கு வயது 75. அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார், ஏன் இவரைக் கூப்பிட்டார், ஒரு வரி கிடையாது.

மித்ராஷ் என்பது ரபிகளின் வேத விளக்கம். நீங்கள் கேட்ட கதை பெரேஷித் ரப்பா என்ற மித்ராஷ் தொகுப்பில், 38-ஆம் பகுதியில் இருக்கிறது. ஆதியாகமத்துக்கு ரபிகள் சொன்ன விளக்கங்களை வசன வரிசையில் கோத்து, ஏறக்குறைய கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் ரோமர்கள் ஆண்ட பாலஸ்தீனத்தில் தொகுத்தது. அதில் ஆபிராமின் அப்பா தேராகு சிலை வியாபாரி. ஒருநாள் மகனைக் கடையில் உட்கார வைத்துவிட்டு வெளியே போகிறார். சிலை வாங்க வந்தவரிடம் ஆபிராம் வயதைக் கேட்கிறார். ஐம்பதோ அறுபதோ சொல்கிறார் அவர். "அறுபது வயசு ஆள், நேற்றுச் செய்ததைப் போய்க் கும்பிடுவதா?" என்றதும் வெட்கப்பட்டுத் திரும்பிவிடுகிறார். அப்புறம் ஒரு பெண் தட்டு நிறைய மாவு கொண்டுவந்து சிலைகளுக்குப் படைக்கச் சொல்கிறாள். ஆபிராம் ஒரு தடியை எடுத்து எல்லாவற்றையும் நொறுக்கிவிட்டு, தடியைப் பெரிய சிலையின் கையில் வைத்துவிடுகிறார். அப்பா வந்து கேட்டால், "நான்தான் முதலில் சாப்பிடுவேன் என்று அவர்களுக்குள் சண்டை, பெரியவர் அடித்து உடைத்துவிட்டார்." "என்னிடமே விளையாடுகிறாயா, அதுகளுக்கு என்ன தெரியும்?" என்கிறார் தேராகு. "உங்கள் வாய் சொல்வது உங்கள் காதில் விழவில்லையா?" என்கிறான் பையன். அதற்குப் பிறகு நிம்ரோத் ராஜா ஆபிராமை நெருப்புச் சூளையில் போடுவது, ஆபிராம் பிழைப்பது.

கதை தெரிந்ததுபோல் இருந்தால் ஆச்சரியமில்லை. குர்ஆனின் 21-ஆம் அத்தியாயத்தில் இப்ராஹீம் நபியின் கதையாக இதற்கு மிக நெருக்கமான வடிவம் இருக்கிறது, பெரிய சிலையை மட்டும் விட்டுவைப்பது உட்பட. இன்னும் பின்னால் போனால், கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் ஜூபிலி என்ற யூத நூலில் ஆபிராம் சிலைக்கூடத்துக்கே தீ வைக்கிறார். அவற்றைக் காப்பாற்ற ஓடிய அண்ணன் தம்பிகளில் ஆரான் அந்தத் தீயிலேயே சாகிறான். ஆக, ரபிகள் சும்மா உட்கார்ந்து கற்பனை செய்ததில்லை, புழக்கத்தில் இருந்த கதையைத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் எடுத்து எங்கே மாட்டினார்கள் என்பதுதான் விஷயம்.

11:28-ஐத் திறந்து வையுங்கள். ஆரான் கல்தேயரின் "ஊர்" என்ற பட்டணத்தில் இறந்தான் என்று இருக்கும். தமிழில் படிக்கிற நமக்கு அது ஏதோ ஒரு ஊர் மாதிரித்தான் தோன்றும், நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்தேன். எபிரேயத்தில் "ஊர்" என்ற சொல்லுக்கு நெருப்பு என்றும் பொருள் உண்டு. நம் பழைய மொழிபெயர்ப்பில் தகப்பன் "மரிக்குமுன்னே" ஆரான் மரித்தான் என்று வரும் இடத்தில், எபிரேயச் சொல்லை அப்படியே எடுத்தால் "தகப்பன் முகத்தின் முன்". சரி, இரண்டையும் சேருங்கள்: தகப்பனின் கண்ணெதிரே, கல்தேயரின் நெருப்பில், மகன் சாகிறான். எப்படி? மித்ராஷ் சொல்கிறது: ஆபிராம் ஜெயித்தால் ஆபிராம் கட்சி, நிம்ரோத் ஜெயித்தால் நிம்ரோத் கட்சி என்று ஆரான் மதில்மேல் பூனையாக நின்றான், ஆபிராம் தப்பித்ததும் "நான் ஆபிராம் பக்கம்" என்றான், தூக்கிச் சூளையில் போட்டார்கள், செத்தான். கடைச் சண்டையில் தொடங்கிய கதை கடைசியில் இந்த ஒரு வசனத்தில் வந்து உட்காருகிறது. பிரசங்கங்களில் சிலை உடைப்பதோடு நிறுத்திவிடுவதால் இந்த முடிச்சு யாருக்கும் தெரிவதில்லை.

மித்ராஷ் என்ற சொல்லின் வேரே தேடுவது, விசாரிப்பது என்ற பொருள் கொண்டது. வேதத்தில் வீண் சொல் ஒன்றுகூட இல்லை என்பது ரபிகளின் நம்பிக்கை, அதனால் ஒரு சொல் கூடினாலும் இடறும், குறைந்தாலும் இடறும். குறைந்த இடத்துக்கு நல்ல உதாரணம் 4:8. நம் பழைய மொழிபெயர்ப்பு "காயீன் தன் சகோதரனாகிய ஆபேலோடே பேசினான்" என்கிறது, நமக்கு ஒன்றும் உறுத்தாது. ஆனால் எபிரேயத்தில் இருப்பது "பேசினான்" அல்ல, "சொன்னான்". என்ன சொன்னான்? அது இல்லாமலே வசனம் வயல்வெளிக்குத் தாவி, கொலை நடந்துவிடுகிறது. சமாரியர்களின் பிரதியிலும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்திலும் "வயலுக்குப் போவோம் வா" என்று ஒரு வரி இருக்கிறது. ரபிகள் வைத்திருந்த பிரதியில் அது இல்லை, ஆகவே சண்டை எதைப் பற்றி என்று கேட்டார்கள். பதில்கள் பெரேஷித் ரப்பா 22-இல் அடுத்தடுத்து நிற்கின்றன. உலகத்தைப் பங்கு போட்டார்கள், நிலமெல்லாம் ஒருவனுக்கு, தூக்கிப்போகிற பொருளெல்லாம் இன்னொருவனுக்கு. "நீ நிற்பது என் நிலம், பற" என்கிறான் ஒருவன், "நீ உடுத்தியிருப்பது என் துணி, கழற்று" என்கிறான் மற்றவன். இல்லை, ஆலயம் யார் பங்கில் கட்டுவது என்று சண்டை. இல்லை, ஒரு பெண்ணுக்காக. எது சரி என்று தொகுப்பாளர் தீர்ப்புச் சொல்வதில்லை, எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுகிறார். எனக்கு இந்த நூல்களில் மிகவும் பிடித்த பழக்கம் இதுதான்.

இங்கே ஒரு பிரிவினை தெரிந்திருக்க வேண்டும். கட்டளைகளைப் பற்றிய விளக்கம் ஹலாகா, மற்றதெல்லாம் அகாதா. "கண்ணுக்குக் கண்" என்ற வசனத்துக்கு, ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னா நஷ்டஈடு என்றே தீர்ப்புச் சொல்கிறது: ஊனம், வலி, வைத்தியச் செலவு, வேலையிழப்பு, அவமானம் என்று ஐந்து வகை. மிஷ்னாவை விரித்துப் பேசும் தால்முத்தில் இதை வைத்து நீண்ட விவாதமே உண்டு, ஏற்கெனவே குருடனானவன் இன்னொருவன் கண்ணைப் பறித்தால் எந்தக் கண்ணை எடுப்பது என்ற கேள்வி உட்பட. அது சட்டம், கட்டுப்படுத்தும். சிலைக்கடைக் கதை அகாதா. 1263-இல் பார்சிலோனாவில் அரகோன் அரசர் முன்னால் நடந்த வாதத்தில், அகாதாக்களைக் காட்டி மேசியா வந்துவிட்டார் என்று கிறிஸ்தவத் தரப்பு நிறுவப் பார்த்தபோது, ரம்பான் என்கிற ரபி மோசே பென் நக்மான் சொன்ன பதில் இது: மித்ராஷ் என்பது உங்கள் பிஷப் எழுந்து பிரசங்கம் செய்ய, கேட்ட ஒருவருக்குப் பிடித்துப்போய் எழுதி வைத்தது போன்றது, நம்புகிறவர் நம்பட்டும், நம்பாதவருக்குக் கேடில்லை. வாதச் சூட்டில் தப்பிக்கச் சொன்னதா, மனதாரச் சொன்னதா என்று இன்றும் பேசுகிறார்கள். ஆனால் அகாதாவை எழுத்துக்கு எழுத்து வரலாறாக எடுக்கத் தேவையில்லை என்று யூத அறிஞர்கள் அவருக்கு முன்பே சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே வகுப்பில் "நடந்தது" என்று சொல்லாதீர்கள், "ரபிகள் இப்படி ஒரு கதை சொல்லியிருக்கிறார்கள்" என்று சொல்லுங்கள். "கட்டுக்கதை" என்று ஒதுக்கவும் வேண்டாம், அதுவும் தப்புத்தான்.

வாட்ஸ்அப் விஷயம். "யூத பாரம்பரியப்படி" என்று மட்டும் இருந்தால் நம்பாதீர்கள், எந்த நூல், எந்த இடம் என்று கேளுங்கள். மித்ராஷ் என்றால் பகுதி எண் இருக்கும். பாபிலோனியத் தால்முத் என்றால் பிரிவின் பெயரும் ஏட்டு எண்ணும் பக்கமும் இருக்கும், பாவா கம்மா 83பி என்பதுபோல. 16-ஆம் நூற்றாண்டில் வெனிசில் அச்சான காலத்திலிருந்து எல்லாப் பதிப்பிலும் இதே எண்தான், அதனால் தேடுவது சுலபம். சேஃபரியா என்ற தளத்தில் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இலவசம். தேடும்போது நூலின் காலத்தையும் பாருங்கள். பிரதான ஆசாரியர் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது காலில் கயிறு கட்டுவார்கள் என்று எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்! ஒரு பெரியவர் அடித்துச் சொன்னதை நம்பி நான் ஒரு வாரம் தால்முத்தில் அதைத் தேடினேன். பாவநிவிர்த்தி நாள் சடங்கை அடி அடியாக விவரிக்கிற மிஷ்னாவின் யோமா பகுதியில்கூடக் கயிறு இல்லை. அது வருவது சோஹார் என்ற யூத மறைஞான நூலில், ஆலயம் இடிந்து ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினில் வெளிப்பட்டது அது.

வகுப்புக்கு ஒரு யோசனை: ஆபிரகாமை விட்டுவிட்டு 4:8-இலிருந்து தொடங்குங்கள். வசனத்தை வாசித்துவிட்டு, காயீன் என்ன சொல்லியிருப்பான் என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். ரபிகளின் பதில்களை அதற்கப்புறம் சொன்னால் போதும்.