தேற்றிக்கொள் என்று சொல்லிவிட்டேன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்குச் சொந்த ஊர் வவுனியா. இப்போது கனடாவில், வின்னிபெக்கில், ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. கூட வேலை செய்பவள் கிரீ இனத்துப் பூர்வகுடிப் பெண். அவளுடைய தங்கை காணாமல் போய் நான்கு வருடமாகிறது. தங்கையின் மகளை இவள்தான் வளர்க்கிறாள். முதல் பனி விழுந்த அன்று தங்கையின் குளிர்கோட்டை எடுத்து உதறி, வாசல் கொக்கியில் மாட்டிவிட்டு வந்ததாகச் சொன்னாள். "நாலு வருஷமாச்சு, இனி மனதைத் தேற்றிக்கொள்" என்றேன். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வருவதில்லை. நான் என்ன பிழை செய்தேன்?

ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

ஆறுதலாகத்தான் சொன்னீர்கள். அவர் காதில் அது அதிகாரிகளின் குரலாக விழுந்திருக்கும். "எங்காவது போயிருப்பாள், வந்துவிடுவாள்" என்று போலீஸ் தங்களைத் திருப்பி அனுப்பியதைக் காணாமல் போன, கொலையான பூர்வகுடிப் பெண்களைப் பற்றிக் கனடா நடத்திய தேசிய விசாரணையில் குடும்பம் குடும்பமாக வந்து சொன்னார்கள். 2019இல் வந்த அதன் அறிக்கை, நடந்ததை இனப்படுகொலை என்றே சொன்னது. நீங்கள் இருக்கும் வின்னிபெக்கையே பாருங்கள். கொலையான இரண்டு பூர்வகுடிப் பெண்களின் உடல்கள் நகருக்கு வெளியே உள்ள குப்பைமேட்டில் இருப்பதாக நம்பிய போலீஸே, 2022இல் அங்கே தேட முடியாது என்றது. குடும்பத்தார் கூடாரம் போட்டுப் போராடினார்கள். 2025இல் இருவருமே கிடைத்தார்கள். அந்தக் குடும்பங்கள் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தால் அவர்கள் இன்னும் அங்கேதான் கிடந்திருப்பார்கள்.

உடல் கிடைத்தால் அழுது அடக்கம் செய்யலாம், ஆள் திரும்பி வந்தால் கட்டிக்கொள்ளலாம். உங்கள் தோழிக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைத் 'தெளிவற்ற இழப்பு' என்கிறார். காத்திருப்பதும் துக்கப்படுவதும் ஒரே நெஞ்சில் சேர்ந்தே இருக்கும். அந்தக் குளிர்கோட்டை மாட்டுவது நோயல்ல, அதைக் கழற்றச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. வவுனியாவில் 2017 முதல் வீதியோரப் பந்தலில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு இருந்த அம்மாக்களிடம் இப்படிச் சொல்ல உங்களுக்கு வாய் வந்திருக்குமா? ஆனால் அந்தக் கதையை இப்போது எடுக்காதீர்கள். முதலில் அவருடையதைக் கேளுங்கள்.

"அன்று நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மன்னித்துவிடு" என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம். அவர் பேச வந்தால் தங்கையின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். 'இருந்தாள்' என்பதா 'இருக்கிறாள்' என்பதா? அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே நீங்களும் சொல்லுங்கள். மே 5 அன்று, காணாமல் போன பெண்களுக்காகச் சிவப்பு உடைகளைத் தொங்கவிடுவார்கள். அவர் போவதாக இருந்தால், கூட வரலாமா என்று கேளுங்கள். அப்புறம், அந்தக் குழந்தையை ஒரு மாலை நீங்கள் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவையுங்கள்.