சதைக்குள் புகும் நகமும் முடியும்: ஒரு சொல்விளக்கம்
வணக்கம். மருத்துவக் குறிப்பில் கால் நகத்துக்கு 'உங்குவிஸ் இன்கார்னாட்டஸ்' என்றும் தாடி முடிக்குப் 'பிலி இன்கார்னாட்டி' என்றும் எழுதியிருப்பதால், இரண்டும் ஒரே நோயா என்று கேட்டிருந்தீர்கள். நோய் ஒன்றல்ல, அடைமொழிதான் ஒன்று. இலத்தீனில் 'காரோ' என்றால் சதை. அதன் வேற்றுமை வடிவமான 'கார்னிஸ்' என்பதன் அடியோடு, 'உள்ளே' எனப் பொருள்படும் 'இன்' என்ற முன்னொட்டுச் சேர்ந்து பிறந்த 'இன்கார்னாட்டஸ்', இங்கே சதைக்குள் புகுந்ததைக் குறிக்கிறது. 'உங்குவிஸ்' என்பது நகம். 'பிலி' என்பது முடிகள், பன்மை என்பதால்தான் அடைமொழியின் ஈறும் மாறியிருக்கிறது. இறைவன் மனித உடலெடுத்ததைக் கிறித்தவ இறையியலில் குறிக்கும் இலத்தீன் சொல்லும் இதே வேரிலிருந்து வந்தது என்பது சற்று வியப்பூட்டும்.

'உங்குவிஸ் இன்கார்னாட்டஸ்' என்பதை 'நகச்சுற்று' எனச் சிலர் மொழிபெயர்ப்பது பொருந்தாது; நகத்தைச் சுற்றியுள்ள சதையின் வீக்கமான அது, நகம் உள்ளே வளராமலும் வரக்கூடியது. 'உள்வளர் நகம்', 'உள்வளர் முடி' என்பனவே என் தேர்வு.