பனிக்குள் கூப்பிடப் பழக்கியவர்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு பள்ளியின் பெண்கள் கால்பந்து அணிக்கு நான் கோச். பொறுப்பேற்று 14 மாதம் ஆகிறது. எனக்கு முன்னால் ஆறு வருடம் ஒரு சார் இருந்தார். நிர்வாகத்தோடு மனஸ்தாபமாகிப் போய்விட்டார். அவர் காலத்தில் காலிறுதியைத் தாண்டாத அணி, இந்த வருடம் மாவட்டப் போட்டியில் முதலிடம். நான் வந்த பிறகுதான் கோல்கீப்பருக்குத் தனிப் பயிற்சி, பின்னால் ஆடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையை நடுவே கொண்டுவந்தது, மாதவிடாய் நாட்களில் என்ன செய்வது என்று பிள்ளைகளோடு பேசியது எல்லாம். ஆனால் பார்க்கிறவர்கள், "பழைய சார் போட்ட அஸ்திவாரம்" என்கிறார்கள். "நான் சமைச்சு வெச்சேன், அந்தம்மா பரிமாறுது" என்று அவரே டீக்கடையில் சொன்னதாகக் காதில் விழுந்தது. எல்லார் முன்னாலும் உடம்பைச் சொல்லி அவர் கேலி செய்ததால் இரண்டு பிள்ளைகள் விளையாட்டையே விட்டிருந்தார்கள். நான்தான் வீடு தேடிப் போய் அழைத்து வந்தேன். அதில் ஒருத்திதான் இன்று எங்கள் கோல்கீப்பர். மேட்ச்சில் ஓயாமல் கத்திக்கொண்டு ஆடும் பழக்கத்தைத் தவிர அவரிடமிருந்து இந்த அணிக்கு வந்தது எதுவும் இல்லை. அடுத்த மாதம் சேலத்தில் பாராட்டு விழா. நான் பேச வேண்டும். அவர் பெயரைச் சொல்லத்தான் வேண்டுமா? அவருக்கு எவ்வளவு பங்கு?
– பெயர் வேண்டாம், ஏற்காடு.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது, பெயரைச் சொல்ல வேண்டாம், விட்டுத் தள்ளுங்கள் என்று எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறுபடி படிக்கும்போது ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. "ஓயாமல் கத்திக்கொண்டு ஆடும் பழக்கத்தைத் தவிர." அந்தத் "தவிர" சின்ன விஷயம் இல்லை.

கால்பந்து சொல்லிக்கொடுக்கும் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பிள்ளைகளை ஓட வைத்துவிடலாம், பந்தை உதைக்க வைத்துவிடலாம். வாயைத் திறக்க வைப்பதுதான் பெரும்பாடு. அதிலும் பெண் பிள்ளைகள், சத்தம் போடாதே என்று வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். பந்து காலில் இருக்கிறவளுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. "ஆள் வருது", "விடு, எனக்கு", "திரும்பு, நேரம் இருக்கு" என்று யாராவது சொன்னால்தான் உண்டு. அந்தக் குரல் இல்லாத அணி, எவ்வளவு திறமை இருந்தாலும், பதினொரு பேர் தனித்தனியாக ஆடுவது மாதிரிதான்.

ஏற்காட்டில் பனி எப்படி இறங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சில மாலைகளில் நடுக்கோட்டில் நின்றால் கோல் போஸ்ட் தெரியாது. பள்ளி நாட்களில் நான் சேலத்திலிருந்து ஒரு போட்டிக்காக அங்கே வந்திருக்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, பாதிப் பேர் வாந்தி எடுத்து, இறங்கினால் எதிரே வெள்ளையாக ஒன்றுமே இல்லை. நாங்கள் வாயை மூடிக்கொண்டு ஆடினோம். மலைப் பையன்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பந்து எங்கே என்று நாங்கள் தேடுவதற்குள் மூன்று கோல் விழுந்துவிட்டது. உங்கள் சார் பனியைக் காரணம் காட்டிப் பயிற்சியை நிறுத்தாதவராக இருந்தால், உங்கள் பிள்ளைகளின் கத்தல் அங்கே பிறந்ததாகத்தான் இருக்கும். இது என் ஊகம். பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பனிக்குப் பழகிய அந்தக் குரலை அவர்கள் கீழே வெயிலிலும் விடவில்லை பாருங்கள், அதை நினைத்தால் எனக்கே சந்தோஷமாக இருக்கிறது.

சரி, பங்கு எவ்வளவு? இதை எண்ணில் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிவதற்குள் ஒரு ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு கிளப் மாறினால், கைமாறும் தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. 12 முதல் 15 வயது வரை வருடத்துக்குக் கால் சதவீதம், 16 முதல் 23 வரை வருடத்துக்கு அரை சதவீதம். ஒரு கோடி ரூபாய் கைமாறினால், 13 வயதில் ஒரு வருடம் பழக்கிய கிளப்புக்கு 25,000 ரூபாய். என்னைக் கேட்டால் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். பந்தை நிறுத்துவதும் தலையைத் தூக்கிப் பார்ப்பதும் 12, 13 வயதில் வராவிட்டால் அப்புறம் வருவது கஷ்டம். தவிர, அந்தப் பணம் கிளப்புக்குத்தான் போகும். பழக்கிய ஆளுக்கு எதுவும் கிடையாது.

எண்ணை விடுங்கள். கிளாடியோ ரனியேரி என்ற இத்தாலிக்காரக் கோச்சின் கதையைச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான ஆளை நான் பார்த்ததில்லை. 2004இல் செல்சி அணியை இங்கிலாந்து லீக்கில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். ஆனாலும் வேலை போயிற்று. அடுத்து வந்த மொரின்யோ முதல் வருடமே 95 புள்ளியோடு லீக்கை வென்றார். செல்சிக்கு 50 வருடம் கழித்துக் கிடைத்த பட்டம் அது. அந்த அணியின் நடுநாயகமான லாம்பார்டை 2001இல் வாங்கியது ரனியேரி காலத்தில். கேப்டனாக நின்ற ஜான் டெர்ரி முதல் அணியில் நிலைத்ததும் அவர் காலத்தில்தான். அப்படியானால் பட்டம் ரனியேரியுடையதா? அந்த வருடம் 38 ஆட்டத்தில் எதிரணிகளிடம் செல்சி வாங்கிய கோல் 15தான். அந்தக் கட்டுக்கோப்பு மொரின்யோவின் வேலை. அதை அவரிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது.

பதினோரு வருடம் கழித்து அதே ரனியேரி மறுபக்கத்தில் நின்றார். 2014 கிறிஸ்துமஸின்போது லெஸ்டர் அணி லீக்கில் கடைசி இடம். நைஜல் பியர்சன் என்ற கோச் கடைசி ஒன்பது ஆட்டத்தில் ஏழை வென்று அணியைக் காப்பாற்றினார். சில வாரங்களிலேயே அவரை அனுப்பிவிட்டார்கள். ரனியேரி வந்தார். 2016இல் லெஸ்டர் சாம்பியன். கோல்களாக அடித்துத் தள்ளிய வார்டியும் மாரேஸும் பியர்சன் காலத்தில் வந்தவர்கள். நடுவில் ஓடிக் களைக்காத கான்டே ரனியேரி வந்த பிறகு வந்தவர். ரனியேரி செய்த நல்ல காரியம், ஓடிக்கொண்டிருந்த வண்டியைப் பிரித்துப் போடாமல் விட்டது. பழைய உதவிக் கோச்சுகளை வைத்துக்கொண்டார். ஓட்டையாக இருந்த தற்காப்பை மட்டும் பிடித்துச் சரிசெய்தார். கோல் வாங்காமல் ஒரு ஆட்டத்தை முடித்தால் பீட்சா வாங்கித் தருகிறேன் என்றார், முடித்தார்கள், வாங்கியும் தந்தார். உங்கள் இடத்தில் அவரைத்தான் பார்க்கிறேன்.

நம் நாட்டிலும் உண்டு. ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம், 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டில் கோச்சாக நின்று இந்தியாவுக்குக் கால்பந்துத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். 1963 ஜூனில் புற்றுநோயில் இறந்துபோனார். அடுத்த வருடம் ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம். கோச்சாக நின்றவர் ஹாரி ரைட் என்ற ஆங்கிலேயர். அந்தக் கோப்பையில் அதற்கு மேல் நாம் இன்றுவரை ஏறவில்லை. அந்த இரண்டாம் இடத்தில் ரஹீமின் கை இருக்கிறது என்பதை எந்தக் கால்பந்து ரசிகரும் மறுக்க மாட்டார்.

சேலம் செவ்வாய்பேட்டைப் பக்கம் ஒரு ஜோடி கொலுசு எத்தனை கை மாறி முடிகிறது என்று பார்த்திருப்பீர்கள். வெள்ளியை உருக்கிக் கம்பி இழுத்தவர் ஒருவர், வளையத்தைப் பற்றவைத்தவர் இன்னொருவர், மெருகு போட்டவர் வேறொருவர். முழுக் கொலுசும் யார் வேலை என்று கேட்டால் சிரிப்பார்கள். இந்தப் பற்றவைப்பு யாருடையது என்று கேளுங்கள், கையில் வாங்கிப் பார்த்து உடனே சொல்லிவிடுவார்கள். நீங்களும் அப்படித்தான் கேட்க வேண்டும். பொறுப்பேற்ற முதல் வாரத்தில் பிள்ளைகளுக்கு என்னவெல்லாம் தெரிந்திருந்தது? ஒரு நோட்டு எடுத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதுங்கள். கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுங்கள். பந்தை நிறுத்தத் தெரிந்ததா, இரண்டு காலும் பழகியிருந்ததா, தோற்றாலும் மறுநாள் வந்தார்களா. அதெல்லாம் அவருடையது.

அவர் "சமைச்சு வெச்சேன்" என்று சொன்னது தப்பு. ஆறு வருடம் காலிறுதியோடு நின்றதற்குக் காரணம் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் நீங்கள். பின்னால் நின்று பந்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்த பிள்ளைக்கு முன்னால் பார்க்கும் கண் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது லேசான காரியமா? அப்புறம் மாதவிடாய் விஷயம். ஒரு பிள்ளை மாதத்தில் நாலைந்து நாள் காரணம் சொல்லாமல் நின்றுவிட்டால், வருடத்துக்கு ஐம்பது நாள் பயிற்சி போகிறது. பதினொரு பேருக்குக் கணக்குப் போடுங்கள். சாரிடம் சொல்ல முடியாமல் வயிற்றுவலி, காய்ச்சல் என்று சொல்லியிருப்பார்கள். நீங்கள் உட்கார்ந்து பேசிய ஒரு மணி நேரம் எந்தப் பயிற்சிக்கும் குறைந்ததில்லை. இதை யாரும் அஸ்திவாரம் என்று சொல்ல மாட்டார்கள், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கோப்பை வந்ததில் இதற்குப் பெரிய இடம் உண்டு என்று நான் நம்புகிறேன்.

அந்த இரண்டு பிள்ளைகளை அவர் கேலி செய்தது வேறு கணக்கு. பனிக்குள் கூப்பிடப் பழக்கியதால் அது மன்னிக்கப்பட்டுவிடாது. அது நடந்ததால் இது இல்லையென்றும் ஆகாது. இரண்டையும் ஒன்றில் ஒன்று கழிக்காதீர்கள்.

என் விஷயம் ஒன்றும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் எனக்குப் பழக்கிய சார், ஒரு குடோன் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருப்பார். கோட்டுக்குக் கீழே நூறு தடவை இடது காலால் அடிக்க வேண்டும். வலது காலால் ஏமாற்றக் கூடாது என்று வலது ஷூவை மட்டும் கழற்றித் தன் சைக்கிளில் மாட்டிக்கொள்வார். கல்லூரியில் ஒரு இறுதி ஆட்டத்தில் இடது காலால் கோல் அடித்தேன். பாராட்டுக் கூட்டத்தில் கல்லூரிக் கோச்சுக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். பழைய சார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததை மேடையிலிருந்தே பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்தால் சைக்கிள் இல்லை. மூன்று வருடம் கழித்துத்தான் அவர் வீட்டுக்குப் போகத் தைரியம் வந்தது. காபி கொடுத்தார். "எடது கால் இப்ப எப்படி இருக்கு கண்ணு?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அன்றைக்குப் பேச்சு வரவில்லை.

நம் மாவட்டத்துக் கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பாருங்கள். எங்கெங்கோ பெரிய பெரிய கோச்சுகளிடம் பந்துவீசிய பிறகும், ஊரில் தன்னை வளர்த்த ஜெயபிரகாஷின் முதலெழுத்துகளைச் சேர்த்து "ஜே.பி. நட்டு" என்று சட்டையில் போட்டுக்கொண்டு ஆடினார். அதனால் மற்றவர்கள் யாருக்கும் எதுவும் குறைந்துபோகவில்லை.

ஆகவே பெயரைச் சொல்லுங்கள். "எல்லாம் அவர் போட்ட அஸ்திவாரம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பொய், உங்கள் பிள்ளைகளுக்கே தெரியும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பனியில் கோல் போஸ்ட் தெரியாத நாளிலும் ஒருவரையொருவர் கூப்பிட்டு ஆட இந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கியவர் எனக்கு முன்னால் இருந்த சார். இறுதி ஆட்டம் முழுக்க அந்தக் குரலைக் கேட்டேன். இந்த 14 மாதத்தில் நாங்கள் புதிதாகக் கற்றது இவை" என்று, பிறகு உங்கள் வேலையை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், குரலைத் தாழ்த்தாமல். பிள்ளைகள் வேறு விதமாகச் சொன்னால் அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

அவரை விழாவுக்கு அழைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் யாராவது கேட்பார்கள். முடிவு சொல்வதற்கு முன்னால் அந்த இரண்டு பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, மேடை ஏற அவர்களுக்குச் சம்மதமா என்று. முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். வேண்டாம் என்றால் அழைப்பு வேண்டாம், மேடையில் பெயரை மட்டும் சொல்லுங்கள். விழா முடிந்த பிறகு ஒரு நாள் நீங்கள் மட்டும் கோப்பையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள்.