எல்டன் ரிங் வீடியோ கேமில் லெவல் ஏறும்போது எந்த ஸ்டாட்டை முதலில் கூட்டுவது?

உயிரளவைக் கூட்டும் விகர்தான், யோசிக்கவே வேண்டாம். பலமாக அடிக்கணும் என்று எல்லா பாயின்ட்டையும் ஸ்ட்ரெங்த்தில் கொட்டினால் பாஸ் (பெரிய எதிரி) அடிக்கும் ரெண்டாவது அடிக்கே தாங்க மாட்டீர்கள். விகர் 25-இல் ஹெச்பி (உயிரளவு) 800, 40-இல் 1450. ஆரம்பத்தில் பதினைந்து பாயின்ட்டுக்கு இதைவிட நல்ல பலன் வேறு எதிலும் இல்லை என்பது என் கருத்து. 60-க்கு மேல் 99 வரை போனாலும் கூடுவது 200தான், 60-இலேயே நிறுத்திவிடுங்கள்.

ஆயுதத்துக்கு, அது கேட்கும் அளவு மட்டும் முதலில் போதும். உச்சிகடானா வாள் என்றால் ஸ்ட்ரெங்த் 11, டெக்ஸ்டெரிட்டி 15. ஸ்ட்ரெங்த் குறைகிறதா? இரண்டு கையால் பிடியுங்கள், ஒன்றரை மடங்காகக் கணக்காகும். தொடக்கத்தில் டேமேஜ் நன்றாக ஏறுவது ஆயுதத்தை அப்கிரேட் செய்வதால்தான்.

பாயின்ட் தப்பாகப் போய்விட்டாலும் கவலையில்லை. ரென்னாலா என்ற பாஸை வென்றபின், அவரிடம் லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.