ஐந்தாவது ஹீட்டர் வாங்கும் முன் கூரையைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் கிடங்கு 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம். கூரை ஒற்றைத் தகடு. மேலே 100 கிலோவாட் திறனுள்ள நான்கு கேஸ் ஹீட்டர்கள் சூடான காற்றை ஊதிக்கொண்டே இருக்கின்றன. வெளியே 0 டிகிரி என்றால் உள்ளே 10 டிகிரியைத் தாண்டுவதில்லை. பேக்கிங் மேசையில் 12 பேர் கை விறைத்து வேலை செய்கிறார்கள். அவர்களுக்காகப் பக்கத்தில் ஒரு டீசல் ஹீட்டரும் வைத்திருக்கிறோம். இன்னொரு பெரிய ஹீட்டர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதன் சூடும் கூரை வழியாகத்தான் போகும்.

முதலில் அந்த டீசல் ஹீட்டரை இன்றே நிறுத்திவிடுங்கள். புகைபோக்கி இல்லாமல் உள்ளேயே எரியும் ஹீட்டரிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. போதாக்குறைக்கு, ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. அது குளிர்ந்த கூரைத் தகட்டில் படிந்து உங்கள் அட்டைப்பெட்டிகள் மேலேயே சொட்டும்.

இப்போது சூடு எங்கே போகிறது என்று பார்ப்போம். ஒரு தெர்மாமீட்டரை ஆள் உயரத்திலும் இன்னொன்றைக் கூரையை ஒட்டியும் கட்டி, ஒரு நாள் முழுக்கக் குறித்து வையுங்கள். சூடான காற்று மேலே ஏறும். இந்த மாதிரிக் கட்டடங்களில் மீட்டருக்கு அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை கூடிக்கொண்டே போகும். கீழே 10 என்றால் கூரையடியில் 20 இருக்கலாம். ஒற்றைத் தகடு, ஒரு சதுர மீட்டரில் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 6 வாட்டாவது வெளியே விடும். உங்கள் கூரை 2,400 சதுர மீட்டர். வெளிக்காற்றோடு வித்தியாசம் 20 டிகிரி. பெருக்கினால் 288 கிலோவாட். நான்கு ஹீட்டர்களில் கிட்டத்தட்ட மூன்று, கூரைக்கு மேலே இருக்கும் வானத்துக்காக ஓடுகின்றன!

ஷட்டர் கதவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 4 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் உள்ள கதவு திறந்திருந்து, காற்று வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் புகுந்தாலே 190 கிலோவாட் கூடுதலாகத் தேவைப்படும். லாரியில் சரக்கு ஏற்றும் அரை மணி நேரமும் கதவு திறந்தே கிடந்தால் எந்த ஹீட்டரும் ஈடுகொடுக்காது. வேகமாகத் தானே மூடிக்கொள்ளும் ஷட்டரும், லாரியின் பின்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும் ரப்பர் மெத்தைச் சட்டமும் போடுங்கள். கதவு திறந்ததும் அந்தப் பக்க ஹீட்டர் தானாக நிற்கும்படி ஒரு சுவிட்சையும் இணைத்துவிடுங்கள். செலவு சொற்பம், ஆனால் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது மின்விசிறி. மெதுவாகச் சுழலும் பெரிய கூரை விசிறிகள் மேலே தேங்கிய சூட்டைக் கீழே கலக்கும். கீழே 12, மேலே 13 என்று சமமானால் கூரை இழப்பு 288-லிருந்து 190 கிலோவாட் அளவுக்கு இறங்கும். அதாவது வாங்க நினைத்த ஐந்தாவது ஹீட்டர் வாங்காமலே கிடைத்துவிட்டது. விசிறி ஒன்றுக்கு ஒன்றிரண்டு கிலோவாட் போதும். வேகம் மட்டும் குறைவாக இருக்கட்டும். ஆள் மேல் காற்று அடித்தால் குளிர்தான் கூடும்.

உங்களிடம் ஏர் கம்ப்ரசர் இருக்கிறதா? அது எடுக்கும் மின்சாரத்தில் 90 சதவீதம் அளவுக்குச் சூடாகத்தான் வெளிவருகிறது. முழுச் சுமையில் ஓடும் 55 கிலோவாட் கம்ப்ரசர் என்றால் சுமார் 50 கிலோவாட் சூடு. குளிர்விக்கும் காற்று வெளியேறும் குழாயில் ஒரு தடுப்புத் தட்டு வைத்து, குளிர்காலத்தில் உள்ளேயும் வெயில் காலத்தில் வெளியேயும் திருப்பி விடலாம்.

இனி அந்த 12 பேர். நான் முதலில் அவர்களைத்தான் நினைப்பேன். 24,000 கனமீட்டர் காற்றைச் சூடாக்கி அவர்களுக்குக் கதகதப்பு தருவதைவிட, பேக்கிங் மேசைக்கு மேலே கதிர்வீச்சு ஹீட்டர் தொங்கவிடுவது நல்லது. அடுப்பருகே நின்றால் சூடு உறைப்பதுபோல, அது காற்றை நம்பாமல் ஆளையும் மேசையையும் தரையையும் நேரடியாகச் சூடாக்கும். கேஸில் ஓடுவதென்றால் புகையை வெளியேற்றும் குழாய் உள்ளதாகப் பாருங்கள். பெட்டி அடுக்குகளிலிருந்து தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியைக் குறைக்கவே கூடாது. இது தீ சம்பந்தப்பட்டது. சாதாரண தெர்மோஸ்டாட் காற்றை மட்டுமே அளக்கும் என்பதால், கதிர்வீச்சுச் சூட்டையும் சேர்த்து அளக்கும் கருங்கோள உணர்வி (கறுப்பு உருண்டைக்குள் வைத்த வெப்பமானி) கேட்டு வாங்குங்கள். மற்ற இடத்தைச் சரக்கு தாங்கும் அளவுக்குக் குளிர விடலாம். ஆனால் தண்ணீர் நிரம்பிய தீயணைப்புக் குழாய்கள் இருந்தால், அவை போகும் இடம் எதுவும் 4 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது.

பெரிய பணம் போட வேண்டிய இடம் கூரை. 100 மில்லிமீட்டர் நுரைப்பலகை வைத்தால் அந்த 288 கிலோவாட் 15-க்கும் கீழே வந்துவிடும். சூடான உட்பக்கத்தில் ஈரத்தடுப்புப் படலம் இல்லாமல் போட விடாதீர்கள். நீராவி உள்ளே புகுந்து தகடு துருப்பிடிக்கும்.

வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து உள்ளே தரும் ஹீட் பம்ப் நல்ல சாதனம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவில் சூடு தரும், கடும் குளிரில் இது குறையும். ஆனால் அதற்கான அளவைக் கூரை வேலை முடிந்து ஒரு குளிர்காலம் அளந்து பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். இன்றைய இழப்பை வைத்துக் கணக்குப் போட்டால் தேவைக்கு மிஞ்சிய இயந்திரத்தைத்தான் வாங்குவீர்கள்.