லங்கா கார்னர் தண்ணியில நின்ன காருக்கு க்ளெய்ம் மறுப்பு

கோயமுத்தூர் லங்கா கார்னர் பாலத்தடியில தேங்குன தண்ணியில கார் நின்னுபோச்சு, மறுபடி ஸ்டார்ட் பண்ணினதால இன்ஜினுக்குப் பணம் தரமாட்டோம்னு இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லிட்டாங்கன்னு கேட்டிருந்தீங்க. மொதல்ல பாலிசியைப் பாருங்க. வெறும் தேர்ட் பார்ட்டின்னா, அதாவது அடுத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கு மட்டும்னா, ஒண்ணும் கெடைக்காதுங்க. நம்ம வண்டிச் சேதத்துக்கும் சேர்த்த காம்ப்ரிஹென்சிவ்னா வெள்ளமும் அதுல அடக்கம்.

இன்ஜின்தான் சிக்கல். தண்ணி உள்ள இருக்கறப்ப சாவி போட்டா பிஸ்டன் தண்ணியை அமுக்க முடியாம கனெக்டிங் ராடு வளைஞ்சிரும். அதை வெள்ளத்தோட நேரடிச் சேதமா எடுத்துக்க மாட்டாங்க. இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் (இன்ஜினுக்குன்னு தனியாக் காசு கட்டிச் சேர்க்கறது) இல்லீன்னா கஷ்டந்தான். நானும் ஒருக்கா இப்படிச் சாவியைத் திருகிட்டு முழிச்சவன்தானுங்க!

ஆனா சீட்டு, கார்ப்பெட், வயரிங் எல்லாம் தனிக் கணக்கு. மொத்தமா மறுத்திருந்தா விடாதீங்க. மறுப்பை எழுத்துல வாங்குங்க, பாலிசியில எந்த விதின்னு கேளுங்க, சேதத்தை மதிப்புப் போடற சர்வேயரோட ரிப்போர்ட் நகலும் வேணும். கம்பெனிக்கு எழுத்துல புகார் குடுத்து ஒரு மாசம் பாருங்க. சரியா வரலீன்னா இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கற சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்டப் போலாம். செலவில்லை, வக்கீலும் வேண்டாம், ஒரு வருசத்துக்குள்ள போயிரோணும். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருசம் வரைக்கும் டைம்.

ஒர்க்‌ஷாப்ல இன்ஜினைக் கழட்ட விட்றாதீங்க, சர்வேயர் பார்த்தப்புறம் கழட்டட்டும். பாலிசியில ஆட்-ஆன் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்க, பாலிசி நம்பரை மறைச்சிட்டு.