யாழ்ப்பாணத்துக்குக் கூட்டமாகப் போங்கள்

"நண்பர்களோடு வேறொரு நகரத்துக்குப் போய்ச் சாப்பிட்டதில் இன்றும் மறக்காத சாப்பாடு எது? அங்கே போகிறவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?" என்பது கேள்வி.

இதில் நான் யோசிக்க ஒன்றுமில்லை. ஊர் யாழ்ப்பாணம், சாப்பாடு ஒடியல் கூழ்: பனங்கிழங்கு மாவும் கடலுணவும் சேர்த்துக் காய்ச்சுவது.

நான் வவுனியாக்காரன். கொழும்பிலும் கண்டியிலும் நண்பர்களோடு நிறையவே சாப்பிட்டிருக்கிறேன். ருசியாகத்தான் இருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டில் ஒரு விசேஷம் உண்டு: அதில் சிறந்தவை ஆட்கள் சேர்ந்தால்தான் கிடைக்கும். தனியாகப் போனாலும் சோறு கறி கிடைக்கும், கொத்துரொட்டி கிடைக்கும், வயிறு நிறையும். ஒரு ஆளுக்காக யாரும் கூழ்ப் பானையை அடுப்பில் ஏற்றமாட்டார்கள்.

கம்பஸில் ஒன்றாகப் படித்த கூட்டம் எங்களது. ஒருவன் மட்டக்களப்பு, ஒருவன் ஹட்டன், இரண்டு பேர் மன்னார், நான் வவுனியா, ஒருவனுக்கு வீடு யாழ்ப்பாணத்துக் குருநகரில். வேலைக்குப் போன பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைப்பது பெரும்பாடு. ஒரு நீண்ட வார இறுதி வாய்த்ததும் குருநகர் நண்பன் தாயாரிடம் போனைக் கொடுத்தான். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தினை பேர் வாறியள்?" என்னோடு சேர்த்துச் சொன்னேன். "அப்ப கூழ் காய்ச்சலாம். ரெண்டு பேரெண்டால் பிட்டுத்தான் அவிச்சிருப்பன்" என்றார்.

கூழுக்கு என்னென்ன போகும் என்று பார்த்தாலே காரணம் விளங்கும். நண்டு, இறால், கணவாய், திருக்கை, இரண்டு மூன்று வகை மீன், மீன் தலை. அதோடு பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, முருங்கை இலை, ஒரு பிடி அரிசி. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டாலே பானை பாதிக்கு மேல் வந்துவிடும். அந்தக் கூட்டில் எதைக் குறைத்தாலும் ருசி குறையும் என்பதால் சின்னச் சட்டியில் காய்ச்சுவதில் பிரயோசனம் இல்லை.

காலையிலேயே பாசையூர் மீன் சந்தைக்குப் போனோம். படகு வந்து கரையேறிய மீன் கூறு கூறாகக் கிடக்கும், ஒரு பக்கம் ஏலம் கூறும் சத்தம். ஹட்டன் நண்பன் இவ்வளவு உயிர் நண்டை ஒரே இடத்தில் கண்டதில்லை; நீலக் காலை ஆட்டிக்கொண்டு கூடையிலிருந்து ஏறப் பார்த்த ஒன்றை விட்டு நகரவே மாட்டேன் என்று நின்றான். விற்ற அம்மா எங்கள் கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டு "கூழுக்கோ?" என்றார். ஓம் என்றதும் ஒரு கை நிறையச் சின்ன மீனை அள்ளி மேலே போட்டுவிட்டார், காசு கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் ஒடியல் மா ஏற்கெனவே தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. பனங்கிழங்கை அவிக்காமல் பச்சையாகவே பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் அது புழுக்கொடியல், சும்மா கடித்துத் தின்னலாம். ஒடியலை இடித்த மாவில் ஒரு கைப்பு உண்டு. ஊறவைத்து, மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை வடித்து ஊற்றினால்தான் அது போகும்.

பின் முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகடுப்பு. ஆளுக்கொரு வேலை கிடைத்தது. மன்னார்க்காரர் இருவரும் நண்டு உடைத்தார்கள், அவர்களுக்கு அது கைவந்த வேலை. மட்டக்களப்பான் செத்தல் மிளகாய், உள்ளி, மஞ்சள் எல்லாம் அம்மியில் அரைத்தான். நான் பலா இலைகளைக் கழுவித் துடைத்து, கோலி, ஈர்க்கால் குத்தி அடுக்கினேன். முதலில் அரிசி, கிழங்கு, பலாக்கொட்டை, பயற்றங்காய் அவியும். பிறகு மீனும் நண்டும் இறாலும். எல்லாம் வெந்த பிறகுதான் ஒடியல் மாவைப் பழப்புளியிலும் அரைத்த கூட்டிலும் கரைத்து ஊற்றுவார்கள். அந்த நேரம்தான் முக்கியம். மா விழுந்ததும் கூழ் தடிக்கத் தொடங்கும், அகப்பையை நிறுத்தினால் அடிப்பிடிக்கும். ஹட்டன் நண்பனிடம் அகப்பை இருந்தது. "தம்பி, கையை எடுக்காமல் துழாவு, கட்டி பட்டிடும்" என்று குருநகர் நண்பனின் அம்மா பக்கத்திலேயே நின்றார். புகை கண்ணில் போக, ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுகையால் துழாவிக்கொண்டே இருந்தான்.

நிறம் மங்கிய செம்மஞ்சள். முதலில் புளிப்பு நாக்கில் படும், பின்னாலேயே உறைப்பு, அப்புறம் நண்டின் இனிப்பு, கடைசியில் ஒடியலுக்கே உரிய அந்த மண் வாசம். பலா இலையில் விட்டுத் தருவார்கள். வாயை வைத்து உறிஞ்சவேண்டும், இடையில் ஒரு தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொள்ளலாம். நண்டுக் காலை எடுக்கக் கை போதும். மூக்கு ஒழுகும், நெற்றி வியர்க்கும், ஆனாலும் இலையை நீட்டுவோம். "இன்னும் விடட்டோ?" என்று கேட்டுக்கொண்டே அம்மா விட்டுவிடுவார், பதிலுக்குக் காத்திருப்பதில்லை. பானை வெறுமையாகும்வரை ஒருவரும் எழும்பவில்லை. அரசியலில் ஆரம்பித்துக் கம்பஸ் ராகிங் வரை எல்லாக் கதையும் அங்கே ஓடியது.

அன்று அம்மா சொன்ன ஒன்று எனக்கு இன்னும் நிற்கிறது. போர்க்காலத்தில், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 பாதை மூடியிருந்தபோது அவருடைய சொந்தத் தம்பியே வவுனியாவிலிருந்து வரமுடியாமல் இருந்தாராம். 1990இல் நின்ற யாழ்ப்பாண ரயில் 2014 ஒக்டோபரில்தான் திரும்ப வந்தது. எங்கள் அப்பா அம்மாவின் வயதுக்காரர் பலருக்கு, ஐந்து மாவட்டத்து நண்பர்கள் ஒரு முற்றத்தில் கூடுவது நினைத்துப் பார்க்கவே முடியாத காரியம். நாங்கள் டிக்கெட் எடுத்து ஏறி வந்துவிடுகிறோம். அந்த வசதி இருக்கும்போது போய்ச் சேர்ந்து சாப்பிடவேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

சரி, யாழ்ப்பாணத்தில் தெரிந்த வீடு இல்லாதவர்கள் என்ன செய்வது? தங்குகிற விருந்தினர் இல்லத்தில் முதல் நாளே ஆள் கணக்கைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். நாலைந்து பேர் என்றால் காய்ச்சித் தரச் சம்மதிக்கிறவர்கள் உண்டு. இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அம்மாச்சி உணவகத்துக்குப் போகலாம். பெண்களே கண்முன்னால் சமைத்து விற்கிற இடம். தோசை, அப்பம், கொழுக்கட்டை, குரக்கன் பிட்டு, இலைக்கஞ்சி என்று ஆளுக்கொன்று வாங்கி நடுவில் வைத்துப் பகிர்ந்தால் எல்லாவற்றையும் ருசி பார்க்கலாம். இங்கும் கூட்டமாகப் போனால்தான் லாபம். நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கூட இருந்தால் கூழுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், மரக்கறியில் தனியாகக் காய்ச்சலாம்.

காலத்தையும் பார்த்துப் போங்கள். நல்லூர் முருகன் கோயில் திருவிழா ஆவணி அமாவாசையை ஒட்டி முடியும், 25 நாள். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான சைவ வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கமாட்டார்கள். கூழ்தான் வேண்டும் என்றால் வேறு மாதம் நல்லது. அந்த நாட்களிலேயே போனால் சைவச் சாப்பாட்டுக்கென்றே போங்கள், ஏமாற்றம் இருக்காது. பெரிய கடைப் பக்கம் மலாயன் கஃபே இருக்கிறது. வாழையிலையில் சோறும் மரக்கறியும், ஆரவாரம் இல்லாத பழைய கடை. சாப்பிட்டு முடிந்ததும் இலையை நாமே மடித்து எடுத்துப்போய், கை கழுவும் இடத்திலிருக்கும் துவாரத்தில் போடவேண்டும். மாலையில் நல்லூரில் கும்பிட்டுவிட்டு (ஆண்கள் சேர்ட்டைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும்) பருத்தித்துறை வீதியில் ரியோவில் ஐஸ்கிரீம் குடிக்காமல் வருகிறவர்கள் குறைவு. எனக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியவில்லை, ஆனால் கூட வருகிறவர்கள் விடமாட்டார்கள்.

வைகாசி, ஆனி மாதங்களில் போனால் காலைப் பிட்டோடு கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கிடைக்கும். சூடான பிட்டில் பழத்தைப் பிசைந்து சாப்பிட்டவர்களுக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை.

கூழுக்கு அடுத்தபடியாக நான் வைக்கிறது ஒரு கடைச் சாப்பாடே இல்லை. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலின் அமுதசுரபி அன்னதானம். பண்ணைப் பாலம் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் வரை பஸ், அங்கிருந்து படகு. உப்புக் காற்று பட்டு, வெயிலில் கோயில் சுற்றி, பசியோடு போய் வரிசையில் உட்கார்ந்தால் சோறும் பருப்பும் மரக்கறியும் வாளியில் வரும். பக்கத்தில் யார் இருக்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. அன்று எனக்கு வலப்பக்கம் கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், இடப்பக்கம் தலையில் துண்டு கட்டிய படகுக்காரர். எங்கள் கூட்டத்தில் இருவர் கிறிஸ்தவர்கள். அவர்களும் எங்களோடு அதே வரிசையில் இருந்துதான் சாப்பிட்டார்கள். முடிந்த பிறகு வாளி தூக்குகிறவர்களுக்கு உதவலாமா என்று மட்டக்களப்பான் கேட்க, ஒரு ஐயா வேறு பேச்சில்லாமல் அவன் கையில் தண்ணீர்க் கேத்தலைக் கொடுத்துவிட்டார். அடுத்த பந்தி முழுக்க அவன்தான் தண்ணீர் ஊற்றினான். இங்கே போகிறவர்கள் மதியத்துக்கு முன் தீவில் இருக்கும்படி புறப்படுங்கள், திரும்பும் படகின் நேரத்தையும் இறங்கும்போதே கேட்டு வையுங்கள்.

வரும்போது பருத்தித்துறை வடை வாங்க மறக்காதீர்கள். உளுந்தில் தட்டையாகத் தட்டி, பெருஞ்சீரகமும் செத்தல் மிளகாயும் தெரியப் பொரித்தது. நாட்கணக்கில் மொறுமொறுப்பு போகாது, அதனால் வீட்டுக்குக் கொண்டுபோகத் தோதானது. வழியில் தின்ன என்றால் பஸ்ஸில் வாருங்கள். ஏ9 இல் முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிற்கும், கும்பிட்டுவிட்டு அங்கேயே வறுத்த கச்சான் (நிலக்கடலை) வாங்கலாம். ஆளுக்கொரு பை வாங்குங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு ஆறு பேர் சமாளிக்க முடியாது.